நான்கு சின்ன தேசங்கள், ஒரு வருடம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு சின்ன நாட்டின் கலையை ஒரு வருடம் விடாமல் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அதன் கதைகளைப் படிப்பது, பாட்டுகளைக் கேட்பது, ஓவியங்களைப் பார்ப்பது, கை இருப்பு அனுமதித்தால் ஒருமுறை போய்வருவது. பெரிய நாடு என்றால் ஒரு வருடத்தில் ஓரத்தைக்கூடத் தொட முடியாது. சின்ன நாடு ஓரளவு பிடிபட்டுவிடும். அதோடு ஒரு பழைய கேள்விக்கும் பதில் தேடலாம். கடலோ மலையோ சூழத் தனியே கிடக்கும் ஒரு சிறு மக்கள்கூட்டத்தின் கலைக்கு அந்தத் தனிமை என்ன செய்கிறது? தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் சுதந்திரம் என்ன செய்கிறது?

இந்தக் கேள்வியோடு கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் நேராக ஐஸ்லாந்தில் போய் இறங்குவார்கள். அது தப்பில்லை. ஆனால் அதுதான் சரியான தேர்வா என்று யோசிக்க வேண்டும். என் பட்டியலில் நான்கு இடங்கள்: ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகள், எஸ்டோனியா, பூட்டான். நான்கும் நான்கு விதம். ஐஸ்லாந்து நடுக்கடலில் கிடந்தது, பல நூற்றாண்டு அந்நிய ஆட்சியில் இருந்தது, 1944-இல் குடியரசானது. ஃபாரோவுக்கும் அதே வட அட்லாண்டிக், அதே டென்மார்க் ஆட்சிதான். ஆனால் அது இன்றுவரை தனிநாடாகவில்லை. எஸ்டோனியா என்றைக்கும் தனியே கிடந்ததில்லை, படைகள் வந்துபோகும் வழியில் இருந்த நிலம் அது. சுதந்திரம் கிடைத்து, பறிபோய், மறுபடி வந்தது. பூட்டான் யாருக்கும் காலனியானதில்லை. கதவைத் தானே சாத்திவைத்திருந்தது.

தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: தனிமை செய்த வேலை எது, சுதந்திரம் செய்த வேலை எது என்று அங்கே பிரித்துப் பார்க்க முடிகிறதா? அப்புறம், வெளியிலிருக்கும் ஒருவர் கைக்கு எவ்வளவு எட்டுகிறது, அந்த நாடு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் விளம்பரக் கதை எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஐஸ்லாந்து: எல்லோருக்கும் தெரிந்த கதவு

ஐஸ்லாந்தின் பலம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 4 லட்சத்தைத் தொடாத மக்கள்தொகை. 1955-இல் ஹால்டோர் லாக்ஸ்னஸுக்கு இலக்கிய நோபல். பியோர்க், சிகுர் ரோஸ் என்று உலகம் முழுக்கக் கேட்கப்படும் இசை. 2020-இல் ஹில்துர் குட்னதோத்திருக்குச் சினிமா இசைக்காக ஆஸ்கர். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்புகள் ஏராளம், சாகா எனப்படும் பழைய உரைநடைக் கதைகள் முழுத் தொகுப்பாகவே கிடைக்கின்றன. ஒரு வருடத்துக்கு இங்கே தீனி போதாமல் போகாது.

சிக்கல் அந்த விளம்பரக் கதையில் இருக்கிறது. இருட்டு, பனி, எரிமலை, தனிமை; ஆகவே இந்தக் கலை. எந்த ஐஸ்லாந்துப் பாட்டைப் பற்றிய கட்டுரையைத் திறந்தாலும் இரண்டாவது பத்தியில் ஒரு பனிப்பாறை வந்து நிற்கும். வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் இந்த விளக்கம் ஆட்டம் காண்கிறது.

சாகாக்கள் பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. அவற்றை எழுதிய சமூகம் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட சமூகமே இல்லை. ஐஸ்லாந்துக் கவிகள் அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக நார்வே மன்னர்களின் அவையில் பாடிப் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கவிதை இலக்கணமும் மன்னர் வரலாறும் எழுதிய ஸ்நோரி ஸ்டுர்லுசன் நார்வேக்கு இரண்டு முறை போய்வந்தவர். அந்த அரசியலில் சிக்கித்தான் 1241-இல் கொல்லப்பட்டார். 1262 முதல் 1264 வரையிலான ஆண்டுகளில் நாடே நார்வே மன்னருக்கு அடங்கியது. அதாவது, தீவின் ஆகச் சிறந்த உரைநடை பிறந்த காலமும் அதன் சுதந்திரம் கைநழுவிய காலமும் ஒன்றே. கைவிட்டுப் போகிற ஒன்றை எழுதிவைக்கும் அவசரம் அதில் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

உண்மையான தனிமை அதற்கு அப்புறம்தான் வந்தது. ஆட்சி நார்வேயிடமிருந்து டென்மார்க் கைக்கு மாறிய பிறகு, 1602 முதல் 1787 வரை டென்மார்க் அரசு வணிகத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தது. அனுமதி பெற்ற வணிகர்களைத் தவிர வேறு யாரோடும் வாங்கவோ விற்கவோ கூடாது. அந்தக் காலத்தில் ஐஸ்லாந்துப் பண்ணைவீடுகளில் நடந்தது என்ன? குளிர்கால மாலைகளில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து கம்பளி சிக்கெடுப்பார்கள், நூற்பார்கள், பின்னுவார்கள். ஒருவர் மட்டும் சாகாவை உரக்கப் படிப்பார், அல்லது ரீமுர் எனும் நீண்ட கதைப்பாடலை ராகம்போட்டு ஓதுவார். அச்சுக்கூடம் தேவாலயத்தின் பிடியில் இருந்ததால் சாதாரண விவசாயிகள் கதைகளைக் கையால் படியெடுத்தார்கள். இந்தப் பழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் வாசல்வரை தொடர்ந்தது. புதிதாக ஒரு பெரிய வடிவம் இந்த நூற்றாண்டுகளில் பிறந்துவிடவில்லை. பழையது சாகாமல் இருந்தது.

இசையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு குரல்கள் ஐந்தாம் சுர இடைவெளியில் (ச–ப போல) இணையாகப் பாடும் ஒரு முறை இங்கே இருந்தது. இடைக்கால ஐரோப்பாவின் தேவாலயங்களில் புழங்கிய முறை அது. மற்ற நாடுகள் எப்போதோ அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு திசையில் போய்விட்டன. இங்கே அந்தச் செய்தி வந்து சேரவில்லை. தலைநகர் ரெய்க்யாவிக்கின் பேராலயத்துக்கு ஆர்கன் 1840-இல்தான் வந்தது. அது வந்ததும் படித்தவர்களுக்குத் தங்கள் பழைய பாட்டு நாட்டுப்புறத்தனமாகத் தெரிந்து வெட்கம் பிடித்துக்கொண்டது. வடக்கே சிக்லுஃபியோர்துர் ஊரில் பாதிரியாராக இருந்த ப்யார்னி தோர்ஸ்டைன்சன் மட்டும் விடாமல் சேகரித்து 1906 முதல் 1909 வரை ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். இல்லாவிட்டால் இன்று அதில் பாதி கிடைத்திருக்காது.

ஆக, தனிமை செய்த வேலை காவல் வேலை. சரி, சுதந்திரம் என்ன செய்தது?

அதன் முதல் வேலை நாட்டுக்கு வெளியே நடந்தது என்பதுதான் வேடிக்கை. தேசியக் கவிஞர் யோனாஸ் ஹால்க்ரிம்சனும் நண்பர்களும் 1835-இல் தங்கள் இதழைத் தொடங்கியது கோப்பன்ஹேகனில். விடுதலை இயக்கத்தின் தலைவர் யோன் சிகுர்த்சன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்ததும் அங்கேதான். தேசிய கீதத்தின் முதல் சரணமும் மெட்டும் 1873-74-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவாயின. பழைய ஐந்தாம் சுர இசையை நவீன சிம்ஃபனிக்குள் கொண்டுவந்த யோன் லைஃப்ஸ் 1916-இல் லைப்சிக் போய்ப் படித்து, 1944 வரை ஜெர்மனியில் வாழ்ந்தவர். ஊரை விட்டு வெளியே போய்த் திரும்பிப் பார்த்தவர்கள்தான் 'ஐஸ்லாந்துத் தன்மை' என்ற ஒன்றை வகுத்தார்கள்.

இரண்டாவது வேலை உள்ளூரில் நடந்தது, அது நிறுவன வேலை. 1911-இல் பல்கலைக்கழகம். 1918-இல் டென்மார்க் மன்னரின் கீழ் இறையாண்மை. 1930-இல் வானொலி. 1944-இல் குடியரசு. 1950-இல் தேசிய நாடக அரங்கும் சிம்ஃபனி இசைக்குழுவும். எழுத்தாளர்களுக்கும் இசைஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் மாதச் சம்பளம்போல அரசு உதவித்தொகை. 1971-இல் டென்மார்க் பழைய தோல்சுவடிகளைத் திருப்பித் தரத் தொடங்கியபோது, முதல் இரண்டு சுவடிகளைச் சுமந்து வந்த போர்க்கப்பலை வரவேற்க ரெய்க்யாவிக் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். 2008-இல் வங்கிகள் கவிழ்ந்து நாடே கடனில் தத்தளித்தபோது ஹார்பா இசையரங்கம் பாதி கட்டடமாக நின்றது. அரசும் நகராட்சியும் பொறுப்பை ஏற்று முடித்து, 2011-இல் திறந்தன. அந்த நேரத்தில் இசையரங்கத்துக்குப் பணமா என்று கேட்டவர்களும் அங்கே உண்டு. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இவ்வளவும் ஒரே நாட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதால், எது எதனால் என்று பிரிப்பதுதான் கஷ்டம். அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தம்பி தேவை. அந்தத் தம்பி பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது.

ஃபாரோ: சுதந்திரம் மட்டும் இல்லாத தீவு

18 தீவுகள், சுமார் 55,000 பேர். ஐஸ்லாந்தைப் போலவே நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சம். வணிக ஏகபோகம் இங்கே இன்னும் நீண்டு 1856-இல்தான் ஒழிந்தது. ஒரு பெரிய வித்தியாசம்: ஐஸ்லாந்துக்குக் கைவசம் எழுத்து மரபும் சொந்த மொழியில் விவிலியமும் இருந்தன. ஃபாரோவில் மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தேவாலயம், நீதிமன்றம், பின்னாளில் பள்ளி எல்லாமே டேனிஷ். ஃபாரோ மொழி வீட்டிலும் வயலிலும் படகிலும் மட்டும் புழங்கியது. அதற்கு நிலையான எழுத்துமுறையே 1846-இல்தான் வந்தது, பின்னாளில் பாதிரியாரான ஹாமெர்ஷைம்ப் வகுத்துக் கொடுத்தார்.

எழுத்தில்லாத மொழி தன் இலக்கியத்தை எங்கே வைத்துக்கொள்ளும்? காலில் வைத்துக்கொண்டது. ஃபாரோ மக்கள் கைகோத்து வளையமாக நின்று, இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் ஓர் அடி என்று நகர்ந்துகொண்டே கதைப்பாடல் பாடுவார்கள். எந்த வாத்தியமும் கிடையாது. மரத்தரையில் விழும் மிதிதான் தாளம். ஒருவர் எடுத்துக்கொடுக்க எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். நூறு, இருநூறு சரணங்கள் ஓடும் பாட்டுகள் உண்டு. டிராகனைக் கொன்ற சிகுர்துவின் கதை, பேரரசர் சார்லமேனின் வீரர்கள் கதை எல்லாம் இப்படியே வாய்வழி வந்தவை. கைகோத்து ஆடும் இந்த வளைய ஆட்டமும் ஒருகாலத்தில் ஐரோப்பா எங்கும் இருந்ததுதான். மற்ற இடங்களில் பெரும்பாலும் மறைந்துபோய், இங்கே தங்கிவிட்டது.

1817-இல் லிங்பி என்ற டேனிஷ் தாவரவியலாளர் கடற்பாசி பற்றி ஆராய இந்தத் தீவுகளுக்கு வந்தார். பாசியோடு பாட்டும் அகப்பட்டது. சிகுர்து பாடல்களைத் தொகுத்து அவர் 1822-இல் வெளியிட்டதுதான் ஃபாரோ மொழியில் அச்சான முதல் புத்தகம். பிறகு சேகரிப்பு தொடர்ந்து நடந்து, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சுமார் 70,000 சரணங்கள் தாளில் ஏறின. ஒரு சிறு நகரத்து மக்கள்தொகைகூட அன்று இல்லாத ஒரு சமூகத்தின் ஞாபகத்தில் இருந்தவை அத்தனையும்.

தனிமை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல சான்று தேவாலயப் பாட்டில் இருக்கிறது. டேனிஷ் பிஷப் தோமஸ் கிங்கோவின் பாமாலை 1699-இல் வெளிவந்தது. ஃபாரோவுக்கும் வந்தது. இங்கே ஆர்கன் இல்லை, மெட்டைத் திருத்திச் சொல்ல ஆளில்லை. மக்கள் அதை மெதுவாக இழுத்து, அசைவு சேர்த்து, ஊருக்கு ஊர் ஒரு விதமாகப் பாடத் தொடங்கினார்கள். காலப்போக்கில் மூல மெட்டு அடையாளம் தெரியாத அளவுக்கு அது வேறொன்றாகிவிட்டது. டென்மார்க்கில் பிறந்த பாடல்தான், ஆனால் டென்மார்க்கில் அப்படி ஒரு பாட்டு கிடையாது. வந்ததை வெளியே விடாமல் வைத்திருந்து, யாரும் கவனிக்காத நேரத்தில் உருமாற்றிவிடுவது: தனிமை தருவதாகச் சொல்லப்படும் 'அசல்தன்மை' பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

இனி சுதந்திரத்தின் பக்கம். இரண்டாம் உலகப்போரில் டென்மார்க்கை ஜெர்மனி பிடித்தது, ஃபாரோவில் பிரிட்டிஷ் படை இறங்கியது. ஐந்து வருடம் தீவுகள் தாமாகவே நிர்வாகம் நடத்திப் பழகின. 1946 செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பு. தனிநாடு கேட்டவர்கள் மிகக் குறுகிய வித்தியாசத்தில் முன்னிலை பெற்றார்கள். மன்னர் உள்ளூர்ச் சபையைக் கலைத்துத் தேர்தல் நடத்தவைத்தார். அதில் டென்மார்க்கோடு இருக்க விரும்பியவர்கள் வென்றார்கள். முடிவில் 1948-இல் உள்நாட்டுத் தன்னாட்சி. ஐஸ்லாந்து குடியரசான நான்கே வருடத்தில், அதே மாதிரியான ஒரு சமூகம் பாதி வழியில் நின்றுகொண்டது. நம் கேள்விக்கு இதைவிட நல்ல பரிசோதனை யாரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது.

அந்த இரு வழிகளையும் இரண்டு எழுத்தாளர்களை வைத்துப் பார்க்கலாம். ஐஸ்லாந்தின் குன்னர் குன்னர்சன் 1907-இல் டென்மார்க் போனார், எழுத்தை நம்பிப் பிழைக்க டேனிஷில் எழுதினார், பெரும் புகழ் பெற்றார். 1939-இல் ஊர் திரும்பினார். பிறகு தன் நாவல்களைத் தானே உட்கார்ந்து ஐஸ்லாந்து மொழியில் திரும்ப எழுதினார், முதுமையின் பெரும்பகுதி அதிலேயே போனது. ஃபாரோவின் வில்லியம் ஹைனசன், இளமையில் டென்மார்க்கில் கழித்த வருடங்களைத் தவிர, வாழ்நாள் முழுதும் தலைநகர் தோர்ஸ்ஹாவ்னிலேயே இருந்தார். அவர் கதைகளில் வரும் தெருவும் மழையும் பைத்தியக்காரர்களும் இசைக்காரர்களும் அந்த ஊர்க்காரர்கள். ஆனாலும் கடைசிவரை டேனிஷில்தான் எழுதினார். ஊரை விட்டுப் போனவர் மொழிக்குத் திரும்பினார், ஊரிலேயே இருந்தவர் திரும்பவில்லை. இதை மொழிப்பற்றின் கணக்கில் எழுதினால் ஹைனசனுக்கு அநியாயம். அவர் பள்ளியில் படித்த மொழி டேனிஷ். பதிப்பகமும் வாசகரும் கோப்பன்ஹேகனில். ஃபாரோ மொழிக்குப் பள்ளியில் சம இடம் கிடைத்ததே 1938-இல். ஐஸ்லாந்து எழுத்தாளருக்கு அவர் மொழியிலேயே ஒரு பல்கலைக்கழகம், ஒரு வானொலி, ஒரு நாடக அரங்கு, புத்தகம் வாங்கும் ஒரு நகரம் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன.

இங்கேதான் எனக்கு விஷயம் விளங்குகிறது. என்ன மிஞ்சும் என்பதைத் தனிமை தீர்மானிக்கிறது. யாருக்காக எழுதுவது, யார் காசு கொடுப்பது என்பதைச் சுதந்திரம் தீர்மானிக்கிறது. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பதிப்பகம் தேவையில்லை, அதனால் அவை ஆட்சியாளரைப் பொருட்படுத்தாமல் பிழைத்தன. நாவலுக்கு அச்சு, விற்பனை, பள்ளி, வாசகர் என்று ஒரு முழு ஏற்பாடே தேவை.

முழுச் சுதந்திரம்தான் வேண்டும் என்றும் இல்லை. இதையும் ஃபாரோவே காட்டுகிறது. ஹெதின் ப்ரூ போன்றவர்கள் ஹைனசனின் காலத்திலேயே பிடிவாதமாகத் தாய்மொழியில் நாவல் எழுதினார்கள். வட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான நார்டிக் கவுன்சிலின் இலக்கியப் பரிசு 1965-இல் ஹைனசனின் டேனிஷ் நூலுக்குக் கிடைத்தது. 1986-இல் ரோய் பாட்டுர்சனின் ஃபாரோ மொழிக் கவிதைகளுக்குக் கிடைத்தது. இடையிலிருந்த இருபது வருடத்தில் தனிநாடு வரவில்லை. தாய்மொழிப் பள்ளியில் படித்த தலைமுறை வந்தது, அவ்வளவுதான்.

ஓவியத்தில் மிக்கினஸ். மிக்கினஸ் என்ற மேற்குக்கோடித் தீவில் பிறந்து அந்தப் பெயரையே சூடிக்கொண்டவர், தீவுகளின் முதல் தொழில்முறை ஓவியர். பறவைகளை வரைய வந்த ஒரு ஸ்வீடன் ஓவியரைப் பார்த்துத்தான் தூரிகை எடுத்தார். கோப்பன்ஹேகன் கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து, கறுப்பு உடுத்திய மனிதர்கள் சவப்பெட்டியைச் சுற்றி நிற்கும் காட்சிகளையும் திமிங்கில வேட்டையையும் வரைந்தார். இசையில் துட்ல் என்ற இசைப்பதிவு நிறுவனம் 1977 முதல் உள்ளூர்க்காரர்களின் பாட்டை வெளியிடுகிறது. அதைத் தொடங்கிய கிறிஸ்டியன் ப்ளாக் டென்மார்க்கில் பிறந்தவர். அவர் கடற்குகைகளுக்குள் படகில் போய்க் கச்சேரி நடத்துகிறவர். சுன்லைஃப் ராஸ்முசனின் முதல் சிம்ஃபனி 2002-இல் நார்டிக் இசைப்பரிசு வாங்கியது, பாடகி ஐவோர் 2021-இல். தோர்ஸ்ஹாவ்னின் பெரிய கலை அரங்கமான நார்டிக் இல்லம் 1983-இல் திறந்தது, நார்டிக் நாடுகள் சேர்ந்து கட்டிக்கொடுத்தது. சொந்த அரசு செய்வதை இங்கே பாதி அண்டைவீட்டார் செய்திருக்கிறார்கள்.

குறை என்ன? மொழிபெயர்ப்பு குறைவு. ஆங்கிலத்தில் கிடைக்கும் நாவல்களை ஒரு சில மாதத்தில் முடித்துவிடலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் காதைத்தான் நம்ப வேண்டும்.

எஸ்டோனியா: தனிமை இல்லாத சின்ன நாடு

எஸ்டோனியாவைப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம், அங்கே கடலும் மலையும் விளக்கமாக வர முடியாது. ஜெர்மானியப் பிரபுக்கள், ஸ்வீடன், ரஷ்யா என்று எல்லோரும் ஆண்ட நிலம். 1869-இல் டார்ட்டு நகரில் முதல் பாட்டுவிழா நடந்தது. ஆண்கள் குழுக்கள் மட்டும். விழாவின் வடிவம், பாடல்களில் பெரும்பாலானவை எல்லாம் ஜெர்மன் பாடற்சங்கங்களைப் பார்த்து எடுத்தவை. எஸ்டோனியர் ஒருவர் இசையமைத்தவை இரண்டே. இரண்டுக்கும் பாட்டு எழுதியவர் லிதியா கோய்டுலா, விழாவை நடத்திய யான்சனின் மகள். இன்றைய எஸ்டோனிய தேசிய கீதத்தின் மெட்டும் சொந்த மெட்டு இல்லை. ஃபின்லாந்தின் கீதமும் அதே மெட்டுதான், ஃப்ரெட்ரிக் பாசியுஸ் என்ற ஜெர்மானியர் போட்டது. கடன் வாங்குவதில் இந்த நாட்டுக்கு வெட்கமே இருந்ததில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

1918-இல் சுதந்திரப் பிரகடனம், 1940-இல் சோவியத் ஆக்கிரமிப்பு. புதிய ஆட்சி பாட்டுவிழாவைத் தடை செய்யவில்லை, கைப்பற்றிக்கொண்டது. 1950-இல் விழாவின் முன்னணி இசை நடத்துநர்களான வெட்டிக், பேட்ஸ், கரிண்டி மூவரும் கைதானார்கள். லெனின் புகழ் பாடும் நிகழ்ச்சிநிரலுக்கு நடுவே, கோய்டுலாவின் பழைய பாட்டுக்கு குஸ்தாவ் எர்னெசாக்ஸ் 1940-களில் போட்ட புது மெட்டு இருந்தது. சில வருடம் அதை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1960-இல் கூட்டம் யாரிடமும் அனுமதி கேட்காமலே அதைப் பாடியது. 1988 கோடையில் தலைநகர் தாலின் பாட்டுத்திடலில் இரவிரவாக லட்சம் பேர் கூடிப் பாடியதும், 1991 ஆகஸ்ட் 20-இல் சுதந்திரம் மீண்டதும் பலருக்கும் தெரிந்திருக்கும்.

பூட்டிய எல்லைக்குள் தனி மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன். வேல்யோ டோர்மிஸ் ரூனோ எனும் பழைய நாட்டுப்புறப் பாடல்களின் குறுகிய, திரும்பத் திரும்ப வரும் மெட்டுகளை எடுத்து நவீன சேர்ந்திசை அமைத்தார். ஆர்வோ பேர்ட் 1968-இல் ஒரு வெளிப்படையான கிறிஸ்தவப் படைப்பால் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானார். பிறகு சில வருடம் ஏறக்குறைய எதுவும் வெளியிடாமல் பழைய தேவாலய இசையைப் படித்துக்கொண்டிருந்தார், 1976-இல் மணியொலி போன்ற அந்த எளிய நடையோடு வந்தார். 1980-இல் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது, வியன்னா, பெர்லின். சுதந்திரம் திரும்பிய பல வருடம் கழித்து ஊர் வந்து சேர்ந்தார். 2018-இல் லவுலஸ்மாவின் பைன் காட்டுக்குள் அவர் பெயரில் மையம் திறந்தது. அவரை உலகம் கேட்டது ஜெர்மனியிலிருந்து. உள்ளே உருவான இசைக்கு வெளியே போன பிறகுதான் மேடை கிடைத்தது.

சேர்ந்து பாடுவதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு எஸ்டோனியாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பெரிய பாட்டுவிழா ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2025 ஜூலையில் முடிந்துவிட்டது. ஒரு வருடத் திட்டத்துக்கு இது இடிக்கும்.

பூட்டான்: தானே சாத்திய கதவு

சுமார் 8 லட்சம் மக்கள். எல்லையிலிருந்து திம்புவுக்கு மோட்டார் சாலை 1960-களில்தான் வந்தது, சுற்றுலாப் பயணிகள் 1974-இல், தொலைக்காட்சியும் இணையமும் 1999-இல். இவ்வளவு நாள் வெளியே நிறுத்திவைத்த நாட்டில் கலை எப்படி இருக்கும் என்று ஆசை எழுவது இயல்பு. 13 கலைகள் என்று அவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள்: ஓவியம், சிற்பம், மரச்செதுக்கு, நெசவு, எம்பிராய்டரி இப்படி. 1971 முதல் அவற்றைக் கற்பிக்க அரசுப் பள்ளி இருக்கிறது. தெய்வ உருவங்களுக்கு அளவுக் கட்டம் உண்டு. ஓவியர் கையெழுத்துப் போடுவது வழக்கமில்லை. லூன்ட்சே பகுதிப் பெண்கள் நெய்யும் கிஷுதாரா பட்டைப் பார்த்தால் நூல் எங்கே முடிந்து பூவேலை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இவற்றின் வேர் திபெத்தில். 1616-இல் அங்கிருந்து வந்த ஷப்த்ருங் ங்காவாங் நம்க்யல்தான் நாட்டை ஒன்றிணைத்தவர். இங்கேயும் தனிமை காத்தது, வளர்த்தது, தொடங்கிவைக்கவில்லை.

ஆனால் இந்தக் காவலுக்கு ஒரு விலை இருந்தது. 1989-இல் தேசிய உடை விதி கட்டாயமானது, பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடம் நின்றது. தெற்கில் வாழ்ந்த நேபாளி மொழி பேசுவோரில் 1,00,000-க்கும் மேற்பட்டவர்கள் 1990-களில் நேபாளத்து அகதி முகாம்களில் போய் முடிந்தார்கள். 'ஒரே கலாச்சாரம்' என்று ஒரு நாடு தன் கலையை விவரிக்கும்போது, விவரிப்புக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் பாட்டு என்ன ஆயிற்று என்றும் கேட்க வேண்டும். பூட்டானைத் தேர்ந்தெடுப்பவர் இதைப் படிக்காமல் விடக்கூடாது.

ஒரு சின்ன வேடிக்கை. 1972-இல் பூட்டான் வெளியிட்ட தபால்தலைகள் குட்டி இசைத்தட்டுகள். ஊசியை வைத்தால் தேசிய கீதமும் நாட்டுப் பாடலும் ஒலிக்கும். கதவு சாத்தியிருந்த நாட்டிலிருந்து வெளியுலகம் அதிகம் கையில் எடுத்துப் பார்த்த பொருள் அது. யோசனை பர்ட் டாட் என்ற அமெரிக்கருடையது.

தனிப் படைப்பாளிகளின் பூட்டான் இளையது. திம்புவில் தன்னார்வ ஓவியர்களின் கூடம் 1998-இல் தொடங்கியது. 2022-இல் முதன்முறையாக ஒரு பூட்டான் படம் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் வந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அரசு காட்டும் முகமே பெரும்பாலும் தெரியும். நேரில் போனால்தான் பிரயோஜனம். அதற்கு இந்தியர் அல்லாத வெளிநாட்டவர் பெரும்பாலோர் ஓர் இரவுக்கு 100 டாலர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எது?

கண்ணால் பார்ப்பதே பிரதானம், பயணமும் உறுதி என்றால் பூட்டான். குரல்தான் பிரதானம், அரசியல் வரலாறும் சேர்ந்து வேண்டும் என்றால் எஸ்டோனியா. படிப்பது மட்டுமே ஆசை, கேள்வி அவ்வளவு முக்கியமில்லை என்றால் ஐஸ்லாந்தை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அப்போதும் சாகாக்களிலோ இன்றைய இசைக்குழுக்களிலோ தொடங்க வேண்டாம் என்பேன். 1835 முதல் 1950 வரை உள்ள காலத்தில் தொடங்குவது நல்லது. அந்த நாடு தன்னைத் தானே கற்பனை செய்துகொண்டது அப்போதுதான்.

தொடக்கக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு என் தேர்வு ஃபாரோ. தனிமை முழுதாகவும் சுதந்திரம் பாதியாகவும் இருக்கும் இடத்தில்தான் இரண்டின் கைவேலையும் தனித்தனியே தெரிகிறது. பொருள் குறைவாக இருப்பதும் ஒரு வசதி; ஒரே வருடத்தில் சுற்றி வந்துவிடலாம். முதல் இரண்டு மாதம் வளைய ஆட்டப் பாடல்களையும் கிங்கோ பாமாலைப் பதிவுகளையும் மட்டும் கேளுங்கள். மொழி புரியாது, பரவாயில்லை. மிதியும் இழுப்பும் காதில் பதியட்டும். அப்புறம் ஹைனசனையும் ஹெதின் ப்ரூவையும் அடுத்தடுத்துப் படியுங்கள், ஒருவர் டேனிஷ், ஒருவர் ஃபாரோ என்பதை நினைவில் வைத்து. ஓவியத்துக்கு மிக்கினஸ். கோடைக்குப் பிறகு ராஸ்முசன், ஐவோர், பழைய கதைப்பாடல்களை மெட்டல் இசையாக்கும் டீர் குழு. கடைசி மூன்று மாதத்தை ஐஸ்லாந்துக்கு விட்டுவிடுங்கள்: குன்னர்சனையும் யோன் லைஃப்ஸையும் அங்கே போய்ச் சந்திக்கலாம். தோர்ஸ்ஹாவ்னுக்குப் பயணம் போட முடிந்தால் ஜூலை 29-ஐ ஒட்டி வரும் ஓலாவ் திருநாளுக்குப் போடுங்கள். நள்ளிரவில் ஊரே சேர்ந்து பாடும். தங்குமிடம் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது.